இருபத்தைந்துக்குக் கீழே வேண்டாம்

…ஆக, மனிதன் மனிதனிடம் கெஞ்சுவது என்கிற வழக்கத்தை இந்தப் பூமியிலிருந்து ஒழித்துக் கட்டியவன் நான், இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன், நெருப்பைக் கண்டுபிடித்தவன்கூட இவ்வளவு அடக்கமாகச் சொல்லியிருக்க மாட்டான், அவன் கண்டுபிடித்ததில் கையைச் சுட்டுக்கொள்ளவாவது வாய்ப்பு உண்டு, என் இணைய ஏலத்தில் அதுவும் கிடையாது, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி ஒரு ஊருக்கே கரண்ட் வாங்கலாம்… மணி மூன்று இருபத்திரண்டு. திரையின் மூலையில் சிவப்பு எண்கள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன, முப்பத்தெட்டு நிமிடம், முப்பத்தேழு ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு, இவ்வளவு அவசரமாக எங்கே போகின்றன என்று தெரியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து மூன்று மாதத்துக்கு, சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை, ஊருக்குக் கூடுதலாக அறுபது மெகாவாட் வேண்டும், வெயில் காலம், எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்து ஒரே நேரத்தில் ஏசியைப் போட்டு ஒரே நேரத்தில் மின்சார அலுவலகத்தைத் திட்டுவார்கள். அறுபதில் இதுவரை வந்திருப்பது இருபத்தைந்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருபத்தைந்துதான்.

இது நடக்கக் கூடாதே, நான் போட்ட கணக்கில் இப்படி ஒரு வரியே இல்லையே… சாதாரண ஏலத்தில் வாங்குகிறவன் விலையை ஏற்றுவான், இதில் விற்கிறவன் இறக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம், நாம் ஒரு உச்சவிலையைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டால் போதும், விற்பனையாளர்கள் ஒருவரையொருவர் முட்டி மோதிக்கொண்டு விலையைப் படிக்கட்டில் உருட்டிவிடுவார்கள் என்று நாலு மாதத்துக்கு முன் முப்பத்திரண்டு பக்கப் படக்காட்சி போட்டு விளக்கினேன், சேர்மன் தலையாட்டினார், சேர்மன் தலையாட்டியதைப் பார்த்து இயக்குநர்கள் ஆட்டினார்கள், கேக் வெட்டினோம், கேக்கில் 'வெளிப்படைத்தன்மை' என்று எழுதச் சொல்லியிருந்தேன், இடம் போதாமல் 'வெளிப்படைத்' என்று த்-தோடு நின்றுவிட்டது, மிச்சம் இருந்த துண்டைச் சேர்மன் சாப்பிட்டார். இன்றைக்கு முதல் ஏலம். மோத வந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். பெயர் தெரியக் கூடாது என்பதற்காகத் திரையில் ஒன்று, இரண்டு என்றுதான் காட்டும், அதுவும் என் யோசனைதான். 'ஒன்று', இரண்டரை மணிக்கு இருபத்தைந்து மெகாவாட்டை உச்சவிலைக்கே, ஒரு காசுகூடக் குறைக்காமல், வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. 'இரண்டு' உள்ளே வந்து பச்சைப் புள்ளியாக மினுங்குகிறது, பேசவில்லை, பெண் பார்க்க வந்த வீட்டில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கும் தாய்மாமன் மாதிரி. எதற்காக வந்தாய், சொல்லித் தொலை… ஒருவேளை நம் பற்றாக்குறை அவனுக்குத் தெரியுமோ, இன்றைக்கு ஏலம் படியாவிட்டால் நாளைக்கு இதைவிட மேல்விலைக்கு வருவோம் என்று காத்திருக்கிறானோ. நான் காத்திருப்பதற்கு ஒரு பெட்டி வைக்கவில்லையே படிவத்தில்.

போன் அதிர்ந்தது, அம்மா. எடுக்கக் கூடாது, ஏல நேரத்தில் எந்தப் போனும் எடுக்கக் கூடாது என்பது விதி ஏழு, எழுதியவன் நான், எடுத்தேன். "டேய், திங்கட்கிழமைலேருந்து சாயங்காலம் கரண்ட் போகுமாமே, மாடி வீட்டுக்காரி சொல்றா" என்றாள். யார் சொன்னது அவளுக்கு, எனக்கே இன்னும் தெரியாதே. "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, ஏலம் நல்லாப் போயிட்டிருக்கு" என்றேன். "நல்லாப் போயிட்டிருந்தா நீ ஏன் போனை முதல் மணியிலேயே எடுக்கிற" என்றாள். பின்னணியில் அப்பாவின் மூச்சு மெஷின், காற்றை உறிஞ்சி உறிஞ்சிக் கொடுக்கும் அந்த இடைவிடாத ஹூம், இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் அதுதான் மௌனம், அது நின்றால்தான் சத்தம் கேட்ட மாதிரி எல்லாரும் திரும்புவோம். "உங்கப்பா கேக்கறார், இவன் வாங்கற கரண்ட்ல எனக்கு ஒரு குழாய் தனியா போடச் சொல்லுன்னு" என்றாள், அவர் சிரித்தது கேட்டது, சிரிப்பு பாதியில் இருமலானது, அவள் வைத்துவிட்டாள்.

மெஷினின் பேட்டரி நாற்பது நிமிடம். மின்வெட்டு ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம். சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கிறது, சிலிண்டர்க்காரர் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் தர முடியாது என்கிறார், மூன்று மாதம் ஒவ்வொரு சாயங்காலமும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது… மேஜையில் கவிழ்த்து வைத்திருக்கும் தாளை நிமிர்த்தினேன். அறுபது கிடைக்காவிட்டால் எந்தெந்த ஃபீடரை அணைப்பது என்கிற பட்டியல், ஒரு ஃபீடர் என்றால் ஏழெட்டுத் தெரு, ஐந்து ஃபீடர் போனால் முப்பத்தைந்து மெகாவாட் மிச்சம், அதையும் நான்தான் தயாரிக்க வேண்டும், போன மாதம் தயாரித்தேன், இது எங்கே தேவைப்படப் போகிறது என்று விசிலடித்துக்கொண்டே தயாரித்தேன். மூன்று, ஐந்து, ஒன்பது, பத்து, பதினாலு. ஒன்பது எங்கள் தெரு. சுமையை வைத்து நேர்மையாகத்தான் போட்டேன், என் நேர்மையைப் பற்றி அப்போது எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஐந்து மணிக்குள் கட்டுப்பாட்டு அறைக்கு ஏதாவது ஒன்று போக வேண்டும், வாங்கிய ஒப்பந்தம் அல்லது இந்தத் தாள். ஒன்பதை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினால் யாருக்கும் தெரியாது, ஒரு கோடு, இரண்டு இலக்கம்… பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். வீட்டில் மருத்துவ மெஷின் வைத்திருப்பவர்களின் பதிவேடு அலமாரியில் இருந்தது, எடுத்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒன்பதில் மூன்று வீடு. பன்னிரண்டில் நாலு. பேனாவை மூடப் போனேன். மூடி எங்கேயோ உருண்டுவிட்டது, வெறுமனே மூடுவது மாதிரி செய்தேன்.

மூன்று நாற்பது. எங்கே தப்பு, எங்கேயோ ஒரு தப்பு இருக்கிறது, மற்றவர்களுடையதாக இருந்தால் நன்றாக இருக்கும். படிவத்தை மேலிருந்து படித்தேன், உச்சவிலை, காலம், நேரம், மொத்த அளவு, ஒருவர் தர வேண்டிய குறைந்தபட்ச அளவு… அங்கே நின்றேன். இருபத்தைந்து. அந்தப் பெட்டியில் இருபத்தைந்து என்று போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது, "பெட்டிக்கடையோடெல்லாம் பேசிட்டிருக்க நேரமில்லை சார்" என்று சேர்மனிடம் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது, சின்னச் சின்னதாக விற்கிறவர்கள் வந்தால் திரை நிறைய வரி வரும், பார்க்க அசிங்கமாக இருக்கும், ஒப்பந்தங்கள் அதிகம், கையெழுத்து அதிகம். சர்க்கரை ஆலை கரும்புச் சக்கையை எரித்துத் தன் தேவை போகப் பதினாறு தரும். காகித ஆலை பன்னிரண்டு. குப்பையை எரிக்கிறவர் ஏழு. இவர்களில் ஒருவர்கூட என் வாசலுக்குள் தலையை நுழைக்க முடியாது, கதவு அவ்வளவு பெரியது. பதினாறும் பன்னிரண்டும் ஏழும்… கூட்டவில்லை, கூட்டாமலே தெரிந்தது, காதுமடல் சூடானது. ஏலத் தளத்தின் உதவி எண்ணுக்கு அடித்தேன். ஏலம் நடக்கும்போது அந்தப் பெட்டியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "முடியாது சார், வாங்கறவங்க நடுவுல விதியை மாத்தக் கூடாதுன்னு இருக்கு." யார் அப்படிப் போட்டது என்று கேட்டேன். விசைகளைத் தட்டும் ஓசை. "உங்க ஆபீஸ்தான் சார் கேட்டிருக்கீங்க. உங்க பேர்தான் இருக்கு. வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" வேண்டும்தான், ஆனால் அது அவருடைய பட்டியலில் இருக்காது.

எனக்கு முன்னால் அந்த மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டு வந்தவள் காலர் ட்யூன் அக்கா. அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான், எந்த நேரம் பார்த்தாலும் போனும் காதுமாக இருப்பாள், பதினோரு வருஷம் இதே அறையில் இதே மேஜையில். கரண்ட் வாங்குவது என்றால் அவளுக்கு நோட்டைத் திறந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவது, சர்க்கரை ஆலையைக் கூப்பிடும்போது மட்டும் எழுந்து நிற்பாள், எதிர்முனைக்காரருக்குத் தெரியவா போகிறது, ஆனாலும் எழுந்து நின்று, ஒரு கையால் மேஜை விளிம்பை நீவிக்கொண்டே, அவருடைய மகளின் உடம்பை விசாரித்து, மழையை விசாரித்து, கடைசியில் அந்த வசனம்: "அண்ணே, நீங்களே இப்படிச் சொன்னா நாங்க எங்க போவோம்." ஒரு அரசாங்க அலுவலகம் பேசுகிற பேச்சா இது. படக்காட்சியின் ஆறாவது பக்கத்தில் அவள் நோட்டின் ஒரு பக்கத்தை, கேட்காமல் போட்டோ எடுத்து, 'கொள்முதல்: ஒரு தொல்லியல் ஆய்வு' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா, எழுந்து நின்று, மேஜையை நீவி, அந்தக் குரலில் "எங்க போவோம்" என்று நடித்தும் காட்டினேன். சேர்மன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இரண்டாவது வரிசையில் அவளும் சிரித்தாள், கேக் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து, "நல்லாப் பண்ணீங்க தம்பி, ஆனா ஒண்ணு, 'எங்க போவோம்'ங்கறதை நான் அப்படிப் பட்டுனு முடிக்க மாட்டேன், கொஞ்சம் இழுப்பேன்" என்றாள். கிண்டலா, திருத்தமா, இன்றுவரை தெரியவில்லை. மறுவாரம் அவளைக் கீழ்த்தளத்துக்கு, மீட்டர் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். மேஜை எனக்கு வந்தது. விளிம்பில் ஒரு ஜாண் அளவுக்கு வார்னிஷ் போயிருந்தது, பழைய சாமான் கொடுத்துவிட்டார்கள் என்று புகார்கூட எழுதிக் கொடுத்தேன்.

மூன்று ஐம்பத்தெட்டு, திரை மின்னியது. ஏதோ விழுந்திருக்கிறது, 'இரண்டு' வாயைத் திறந்துவிட்டது, தாய்மாமா நீ நல்லா இருக்கணும்… இல்லை. 'ஒன்று' தன்னுடைய விலையைத் தானே ஒரு காசு குறைத்திருக்கிறது. ஏன், எதற்கு, ஓட்டப்பந்தயத்தில் தனியாக ஓடிக்கொண்டிருப்பவன் திடீரென்று வேகமாக ஓடுவது மாதிரி… பயந்துவிட்டானா, அல்லது கை தவறிப் பட்டதா, டீ டம்ளரை வைக்கும்போது முழங்கை இடித்ததா. எதுவானாலும் கடைசி ஐந்து நிமிடத்தில் விலை மாறினால் அந்த நொடியிலிருந்து தானாக மறுபடி ஐந்து நிமிடம் ஓடும், அதுவும் விதி, சிவப்பு எண்கள் ஒரு மூச்சு பின்வாங்கின. அந்த ஐந்து நிமிடம் நான் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கெஞ்சவில்லை. உதடு அசைந்திருக்கலாம். நாலு மூன்றுக்குப் பச்சைப் புள்ளி அணைந்தது, தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் பறந்தன, 'வாழ்த்துகள், உங்கள் ஏலம் வெற்றிகரமாக நிறைவடைந்தது, நீங்கள் சேமித்தது: யூனிட்டுக்கு ஒரு காசு' என்று எழுத்து வந்தது, அதே செய்தி அதே நொடியில் எல்லா இயக்குநர்களுக்கும் தானாகப் போகும்படி அமைத்தவனும்… சரி, அதுவும் நான்தான். ஒரு நிமிடத்தில் சேர்மனிடமிருந்து கட்டைவிரல் வந்தது. அவர் அளவைப் படிக்கவில்லை, வெற்றிகரமாக என்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார், கேக்கைப் போலவே.

இனி வழி ஒன்றுதான். ஒப்பந்த விதி பதினாலு, ஏலத்தில் கிடைக்காத மிச்சத்தை நேரில் பேசி வாங்கலாம். இதை எடுத்துவிடுங்கள், பழைய வியாதி திரும்பி வரும் ஓட்டை இது என்று மூன்று கடிதம் எழுதினேன், வக்கீல் சோம்பேறி, எடுக்கவில்லை, அவருடைய சோம்பேறித்தனத்தை நினைத்தால் இப்போது காலில் விழலாம் போலிருக்கிறது. நாலு பத்து. பேச வேண்டுமானால் எண் வேண்டும், எண் நோட்டில் இருக்கிறது, நோட்டு அவளிடம். உள்தொடர்பு இருநூற்றுப் பதினாலை அழுத்தினேன், அவளே பேசட்டும், அவளுக்குத்தான் பழக்கம், ஒரு உதவி என்று கேட்டால்… "மீட்டர் புகார், சொல்லுங்க" என்றாள், அதே குரல், யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளும் குரல். சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என்பது வரவில்லை. "சொல்லுங்க, மீட்டர் ஓடலையா, வேகமா ஓடுதா" என்றாள் பொறுமையாக. வைத்துவிட்டேன். உடனே மேஜைப் போன் மணியடித்தது, அது அவள்தான் என்று தெரியும், எந்த எண்ணிலிருந்து வந்தது என்று அங்கே காட்டுமே, அதைக்கூட யோசிக்காத மேதை நான், நாலு முறை அடித்து நின்றது.

ஆறாவது பக்கம்… ஆறாவது பக்கம் என்னிடம் இருக்கிறதே. படக்காட்சியைத் திறந்தேன், 'ஒரு தொல்லியல் ஆய்வு' வந்தது, போட்டோவைப் பெரிதாக்கினேன். சாய்ந்த, சின்ன எழுத்து. 'சர்க்கரை ஆலை அண்ணன், 16. பொண்ணுக்கு முழங்கால் ஆபரேஷன். முதல்ல அதைக் கேக்கணும்.' கீழே, 'காகித ஆலை சார், 12. மூணு மணிக்கு மேலதான். முன்னாடி பேசினா கடிப்பார்.' அதற்குக் கீழே, 'குப்பை மேனேஜர், 7. எல்லாரும் மூக்கைப் பொத்தறாங்கன்னு வருத்தம். பாராட்டிட்டு அப்புறம் விலை.' எண்கள் ஓரத்தில் இருந்தன, முதல் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் ஒரு மஞ்சள் முகம், கண்ணில் நீர் தெறிக்க விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது, மக்கள் எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே என்று நான் ஒட்டியது. அதைப் பிடித்து ஓரமாக இழுத்து வைத்தேன். அங்கேயும் சிரித்தது. நாலு ஏழு இரண்டு.

எதிர்முனையில் பெரிய இயந்திரத்தின் இரைச்சல், அதற்கு மேல் ஒரு குரல், "யாரு?" மின்சார அலுவலகம், கொள்முதல் பிரிவு என்றேன். "அந்தம்மா இல்லையா?" இல்லை, அவங்க இப்ப வேற பிரிவு. "நாலு மாசமா ஆளையே காணோம், என்னவோ வெப்சைட்டுன்னாங்க. போய்ப் பார்த்தேன். இருபத்தஞ்சுக்குக் கீழ இருக்கறவன் வர வேண்டாம்னு போட்டிருந்தது, சரி, நம்மளை வேண்டாங்கறாங்க போலன்னு வந்துட்டேன். யாரு தம்பி அதைப் போட்டது?" சிஸ்டம் சார் என்று சொல்ல நாக்கு தயாராக நின்றது, எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், நன்றாக விற்கும் சரக்கு அது. "நான்தாண்ணே" என்றேன். அண்ணே எங்கிருந்து வந்தது, நான் இதுவரை யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு, "பொண்ணு முழங்கால் எப்படிண்ணே இருக்கு" என்று கேட்டேன், படித்துத்தான் கேட்டேன், அவருக்கும் தெரிந்திருக்கும். "நடக்கிறா. படி இறங்கறப்ப மட்டும் என் தோளைப் பிடிச்சுக்கறா" என்றார், பிறகு, "வீட்ல உங்களுக்கு யாராவது…" என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டார், நான், அப்பா, மூச்சு மெஷின் என்று ஆரம்பித்து, எதற்குச் சொல்கிறேன் என்று பாதியில் நிறுத்தினேன். வியாபாரத்துக்காகச் சொன்னேனா, உண்மையாகவே சொல்ல வேண்டியிருந்ததா, அவளும் ஒவ்வொரு முறையும் இதில் எது என்று தெரியாமல்தான் பேசினாளா…

"தம்பி, பதினாறு இருந்தது. பத்தை வேற ஊருக்கு வாய்ச்சொல்லா பேசிட்டேன், திங்கட்கிழமை கையெழுத்து. ஆறுதான் மிச்சம். மேல ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்றார். ஆறு. ஒரு ஃபீடருக்குக்கூடப் பத்தாது. மணி நாலு இருபத்திரண்டு, இன்னும் இரண்டு எண் பாக்கி, அவர் வைக்கப் போகிறார், மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது, "அண்ணே" என்றேன், "நீங்களே இப்படிச் சொன்னா நாங்க எங்க…" அதற்கு மேல் சட்டென்று வரவில்லை, "போவோ…ம்" என்று நீண்டுதான் வந்தது, நான் இழுக்கவில்லை. எதிர்முனையில், "ம்" என்றார், யோசிக்கிற 'ம்'மா, முடிக்கிற 'ம்'மா. யாரையோ கூப்பிட்டு, "அந்தப் பத்தைப் பத்தி அவங்ககிட்ட என்ன சொன்னோம்" என்று கேட்டார், போனைக் கையால் மூடிக்கொண்டார் போலிருக்கிறது, இரைச்சல் தூரமாகப் போனது. காத்திருந்தேன். நாற்காலி எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது, எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, என் இடது கை மேஜை விளிம்பில், வார்னிஷ் போன அந்த ஒரு ஜாண் இடத்தில், போய் வந்துகொண்டிருந்தது.